அக்காளுக்குச் சிவப்பு, தங்கைக்கு நீலம்

சந்தாப் புத்தகத்தை மூடிவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பும் நேரத்தில்தான் ஐசி சங்கதி வெளியே வரும். எந்தத் தோட்டத்திற்குப் போனாலும் இதே கதைதான். சம்பளம், போனஸ், தண்ணீர்க் குழாய், கோயில் திருவிழா எல்லாவற்றையும் கூட்டத்தில் உரக்கப் பேசுவார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்பார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். பைக்குள்ளே மடிப்பு மடிப்பாகக் கிழிந்த காகிதங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு சிவப்பு ஐசி.

இதைக் காட்ட ஏன் இத்தனை வெட்கம்? இந்த மண்ணில் பிறந்து, இங்கே பால் மரம் வெட்டி, இங்கே குலை சுமந்து, இங்கே பிள்ளை பெற்றவர்கள் நம் மக்கள். காகிதம் இல்லாதது அவர்கள் செய்த குற்றமல்ல. ஆனால் வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் சும்மா இருந்தால், அது நம் குற்றமாகிவிடும். ஆகவே இந்த வாரம் பிரஜாவுரிமை பற்றி எழுதுகிறோம். ஒவ்வொருவரும் எந்த வழியில் போக வேண்டும் என்பதைச் சொல்கிறோம். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்துப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே லயம், ஒரே மருத்துவச்சி

எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறோம். எங்கள் தாயார் 1955ஆம் ஆண்டு பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தங்கை, எங்கள் சின்னம்மா, 1959இல் பிறந்தவர். ஒரே லயம், ஒரே அறை. இருவரையும் கையில் ஏந்தியவளும் ஒரே மருத்துவச்சிதான். தாத்தாவும் பாட்டியும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஆனால் தாயாருக்குச் சிவப்பு ஐசி. சின்னம்மாவுக்கு நீல ஐசி.

சிறு வயதில் நாங்கள் கேட்டிருக்கிறோம்: "ஏம்மா, உனக்கு மட்டும் சிவப்பு?" "நான் செவப்பா பொறந்தேன்லே, அதான்" என்று அவர் சிரித்து மழுப்புவார். உண்மைக் காரணத்தை நாங்கள் சங்க வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

இந்த நாடு 1957 ஆகஸ்ட் 31 அன்று சுதந்திரம் அடைந்தது. அன்று முதல் 1962 செப்டம்பர் முடியும் வரை கூட்டரசில் பிறந்த பிள்ளைகளை, தாய் தகப்பன் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்காமல், பிறந்த காரணத்திற்காகவே அரசியல் சட்டம் பிரஜைகளாக ஏற்றுக்கொண்டது. சின்னம்மா பிறந்தது இந்தக் காலத்தில். அதற்கு முன்னே பிறந்தவர்களுக்குப் பிறந்த மண் மட்டும் போதவில்லை; தாய் தகப்பன் பிறந்த இடமும் கணக்கில் எடுக்கப்பட்டது. பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்தவர்களுக்குத் தனி விதி இருந்தது. எங்கள் தாயார் பிறந்த இடம் பேராக். பெற்றோர் இருவரும் இந்தியாவில் பிறந்தவர்கள். ஆகவே அவர் தாமே மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வேண்டியவர். இரண்டு பிரசவங்களுக்கு இடையே இருந்தது நான்கு வருஷம். அந்த நான்கு வருஷத்தில் சட்டம் மாறியிருந்தது.

அன்று மனுப் போடாததன் விலை

தாத்தா ஏன் அப்போதே மனுப் போடவில்லை? அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் போடவில்லை. சிலர், "நாலு காசு சேர்த்துக்கிட்டு ஊருக்குப் போயிடுவோம்" என்று இருந்தார்கள். சிலருக்கு விஷயமே எட்டவில்லை. சிலருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம். பெரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைய பேர் செக்ரோலில் ஏறாது என்பதை நம்மவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

விலை பின்னால் வந்தது. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 1969 முதல் பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தவர்கள் ஒரே நாளில் பெர்மிட்டுக்குக் கையேந்தும் ஆட்களானார்கள். அந்தக் காலத்தில் சுமார் 60,000 இந்தியர்கள் இந்த நாட்டைவிட்டு இந்தியாவுக்குப் போனார்கள். கணவன் அங்கே, பிள்ளை இங்கே என்று பிரிந்த குடும்பங்களை வயதானவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஒரு பாரம் பூர்த்தி செய்யாதது இத்தனை தூரம் கொண்டுபோய் விடும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

மூன்று நிறம்

நீல அட்டை பிரஜைக்கு உரியது. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. பச்சை அட்டை தற்காலிகமாகத் தங்கியிருப்பவருக்கு; அதை ஐந்து வருஷத்திற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிவப்பு அட்டைக்காரருக்கு ஓட்டுரிமை கிடையாது. பிரஜைகளுக்கென்று அரசாங்கம் கொடுக்கும் உதவித் தொகையும், நலத்துறை முதியோருக்குக் கொடுக்கும் மாதப் பணமும் கிடையாது. நாற்பது வருஷம் மரம் வெட்டிய கைக்கு வயதான காலத்தில் இந்த உதவியும் இல்லையென்றால் எப்படி இருக்கும்?

யாருக்கு எந்த வழி?

எல்லோருக்கும் ஒரே வழி இல்லை. பிறந்த தேதியையும் இடத்தையும் வைத்துத்தான் வழி பிரிகிறது. தவறான வழியில் மனுப் போட்டுத் திரும்பி வந்தவர்கள் நிறைய பேர்.

முதலாவது: 1957 ஆகஸ்ட் 31க்கும் 1962 செப்டம்பர் முடிவுக்கும் இடையே இங்கே பிறந்தவர்கள். இவர்கள் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட வேண்டியதில்லை. சட்டப்படி ஏற்கெனவே பிரஜைகள். இங்கே பிறந்ததை நிரூபிப்பதுதான் இவர்களுடைய வேலை. பிறப்புப் பத்திரம் இல்லையென்றால், தேசியப் பதிவு இலாகாவில் தாமதப் பிறப்புப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது: மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்து பிரஜையாகாதவர்கள். எங்கள் தாயாரைப் போன்றவர்கள். அரசியல் சட்டத்தின் 16ஆம் விதி இவர்களுக்காகவே இருக்கிறது. மனுப் போடுவதற்கு முந்தைய ஏழு வருஷத்தில் மொத்தம் ஐந்து வருஷமாவது இங்கே வசித்திருக்க வேண்டும்; தொடர்ந்து இங்கேயே வாழும் எண்ணம் இருக்க வேண்டும்; நன்னடத்தை இருக்க வேண்டும்; எளிய மலாய் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுதான். மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்கள் இன்று எழுபதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். இவர்களுக்கு நாள் தள்ள நேரமில்லை.

மூன்றாவது: வெளிநாட்டில் பிறந்து, இங்கே வந்து, நிரந்தரவாசியானவர்கள். இவர்களுக்கு 19ஆம் விதி. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மனுவுக்கு முந்தைய 12 வருஷத்தில் 10 வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும். கடைசி 12 மாதம் கட்டாயம் இங்கே இருந்திருக்க வேண்டும். 16ஆம் விதி எளிய மலாய் கேட்கிறது. இந்த விதி போதிய மலாய் அறிவு கேட்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மெர்டேக்காவுக்கு முன் இங்கேயே பிறந்த பாட்டியை இந்த மூன்றாவது வழியில் அனுப்பி வைத்து, சிரமமான கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அவர் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறோம்.

நான்காவது: 1962 அக்டோபர் முதல் பிறந்தவர்கள். தாய் தகப்பனில் ஒருவராவது பிள்ளை பிறந்த நேரத்தில் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், இங்கே பிறந்த பிள்ளை பிரஜை. எந்த நாட்டுப் பிரஜையாகவும் பிறக்காமல், இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதை நிரூபிப்பது சுலபமல்ல, வழக்கறிஞர் துணை வேண்டும்.

இந்த நான்காவது வழியில் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 17 அன்று மக்களவை அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அது நன்மை செய்தது. ஆனால் தாய் தகப்பன் இருவரும் சிவப்பு ஐசிக்காரர்களானால், அவர்களுடைய பிள்ளை பிறந்தவுடனே பிரஜையாகும் வழியை அதே திருத்தம் எடுத்துவிடுகிறது. திருத்தம் அமலுக்கு வருமுன் பிறந்த பிள்ளைகளை அது தொடாது. இனி பிறக்கப் போகும் பேரப்பிள்ளைகளைத் தொடும். "சிவப்பு ஐசி என்னோடு போகட்டும், புள்ளைக்கு நீலம் கெடச்சிடும்" என்று இத்தனை நாள் நம்மவர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஆறுதலுக்கு இனி இடமில்லை.

தாலி போதாது, பதிவும் வேண்டும்

பிறப்புக்கு அடுத்தபடி நம் பிள்ளைகளைக் கவிழ்ப்பது கல்யாணப் பதிவு. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம், இங்கேயும் சொல்கிறோம்.

முஸ்லிம் அல்லாதாருக்கான திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் சடங்குப்படி கோயிலில் நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. வயதான தம்பதியர் பயப்பட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நடந்த கல்யாணம் பதிவாகாவிட்டால், எத்தனை பெரிய பந்தல் போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே அல்ல.

அதனால் என்ன என்கிறீர்களா? பதிவில்லாத தம்பதிக்குப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் பிரஜாவுரிமை சேராது. தாயின் நிலையை மட்டும்தான் பார்ப்பார்கள். தாய் மலேசியப் பிரஜையானால் பிழைத்தோம். தாய் இந்தியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவரானால், தகப்பன் நீல ஐசிக்காரராக இருந்தும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் "புக்கான் வார்கானெகாரா" என்று அச்சாகிவிடும். பிரஜை அல்ல என்று அர்த்தம்.

செம்பனை லோரி ஓட்டும் தம்பி ஒருவர் இந்த வார்த்தையை எங்களிடம் காட்டி, "அண்ணே, நான் இங்கதான பொறந்தேன், எங்கப்பாவும் இங்கதான பொறந்தாரு, எம்புள்ளை மட்டும் எந்த ஊருக்காரன்?" என்று கேட்டார். மாரியம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டியவர். பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பிள்ளை பிறந்த பின் ஓடிப் போய்ப் பதிந்தார். பிறந்த நேரத்து நிலையைத்தான் சட்டம் பார்க்கிறது என்பதால், அந்தப் பதிவு பிள்ளையின் பத்திரத்தை மாற்றவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 15A விதியின்கீழ் மனுப் போடலாம். உள்துறை அமைச்சு தன் சிறப்பு அதிகாரத்தின்படி பரிசீலிக்கும். இதற்கு வயது வரம்பு உண்டு. 21 வயதுக்குள் என்று இருந்ததை 2024 திருத்தம் 18ஆகக் குறைக்கிறது. ஆகவே பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே மனு உள்ளே போக வேண்டும். ஐந்தாம் படிவம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வெளிநாட்டு மருமகள் இருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணத்தைப் பதிந்ததும் குடிநுழைவு இலாகாவில் நீண்டகாலச் சமூக வருகை பாஸ் எடுக்க வேண்டும். அதில் ஐந்து வருஷம் இருந்த பின் நிரந்தரவாசி அந்தஸ்து கேட்கலாம். பிரஜாவுரிமை அதற்கடுத்த படி. பாஸ் ஒரு நாள்கூடக் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மருமகனுக்கு மனைவியரைப் போன்ற தனி விதி கிடையாது. அவர் மேலே சொன்ன மூன்றாவது வழியில்தான் வர வேண்டும்.

காகிதம் எங்கே கிடைக்கும்?

"எங்ககிட்ட ஒன்னுமே இல்லீங்களே" என்பார்கள். தேடினால் கிடைக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் எழுதிக் கொடுத்த சீட்டு, உடன்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் பழைய ஐசி, மரணப் பத்திரம், எல்லாமே சாட்சி சொல்லும். இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தோம் என்பதற்கு இ.பி.எப். கணக்கு நல்ல ஆதாரம். பழைய சங்க அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். பிரசவத்தின்போது உடனிருந்த கிழவி உயிரோடு இருந்தால், அவரைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் அழைத்துப் போய் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டம் கைமாறினாலோ துண்டு போட்டு விற்கப்பட்டாலோ முதலில் குப்பைக்குப் போவது ஆபீஸ் பதிவேடுகள்தான். விற்பனைப் பேச்சு காதில் விழுந்த அன்றே உங்கள் பெயருள்ள பக்கத்தை நகல் எடுத்துவிடுங்கள்.

இனி பிறக்கும் பிள்ளைகளை 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பேர் வைக்கும் நாள் பார்க்கிறோம், சோதிடர் ஊரில் இல்லை என்று நாளைக் கடத்தாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "மேலே ஆள் இருக்கு, மூவாயிரம் வெள்ளி கொடு, நீல ஐசி கையிலே" என்று வரும் ஏஜெண்டை லயத்து வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். போலி ஐசி வைத்திருப்பது குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. ஏஜெண்டு போனை அடைத்துவிட்டுப் போய்விடுவான். கோர்ட்டில் நிற்பது நீங்கள். மனு நிராகரிக்கப்பட்டுக் கடிதம் வந்தாலும் அதோடு முடிந்தது என்று எண்ணாதீர்கள். குறையைச் சரிசெய்து மறுபடி போடலாம்.

பக்கத்து லயத்துக்காரர்

இன்று நம் லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். அவர்கள் வைத்திருப்பது தற்காலிக வேலை பாஸ். எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்தப் பாஸ் நிரந்தரவாசி அந்தஸ்துக்குக் கொண்டுபோகாது. குடும்பத்தை அழைத்து வர முடியாது. இங்கே கல்யாணம் செய்யவும் பாஸின் நிபந்தனை இடம் கொடாது. இதை மறைத்து நம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள். அதே சமயம், அவர்களுடைய கடப்பிதழை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். நம் தாத்தாவுக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்ல அன்று ஆள் இல்லை.

எங்கள் பிழை

கடைசியாக ஒன்று. எத்தனையோ பேருக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுத்த நாங்கள், பெற்ற தாயின் பாரத்தை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனோம். வீட்டில்தானே இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்ற எண்ணம். 2016இல்தான் 16ஆம் விதியின்கீழ் மனுக் கொடுத்தோம். அவசரத்தில் வசிப்பிட ஆதாரத்தை முழுதாக இணைக்கவில்லை. மனு திரும்பி வந்தது. சேர்த்துக் கொடுத்து நேர்முகத்துக்குக் கூப்பிட மேலும் நாளானது.

நேர்முகத்தில் அதிகாரி என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாராம். "ஸாயா பொத்தோங் கெத்தா, தீகா பூலோ தாஹூன்" என்று சொன்னாராம். முப்பது வருஷம் ரப்பர் வெட்டினேன் என்று. அதிகாரி சிரித்த முகமாகத் தலையாட்டினார் என்று வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பதில் வருமுன் 2019இல் கண்ணை மூடிவிட்டார்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் சின்னம்மாவோடு தமிழ்ப்பள்ளி வரை நடந்து போவார். தங்கை வரிசையில் நிற்க, இவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். 2018 மே 9 அன்றும் அப்படித்தான். ஓட்டுப் போட்டு வந்த தங்கையின் விரலைப் பிடித்து மையைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை எனக்கும்டி" என்றார். அந்த அடுத்த தடவை 2022இல் வந்தது. சின்னம்மா தனியாகத்தான் நடந்து போனார்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும்; அதற்குள்ளே காகிதங்கள் இருக்கும். இன்று இரவே இறக்கித் திறந்து பாருங்கள். வீட்டில் ஆக மூத்தவருடையதை முதலில் எடுங்கள். வழி தெரியாவிட்டால் அடுத்த சந்தா நாளில் கொண்டு வாருங்கள். கூட்டம் கலையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எல்லோர் முன்னாலும் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் அதே கேள்வி இருக்கும்.